நீலகிரிப் பாறைகளை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் கல்லைப் பற்றிப் பேச ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை கையில் ஒரு துண்டோடு வந்துவிடுகிறார்கள். "இது கிரானைட்டா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பூமிக்கு அடியிலேயே உறைந்து இறுகிய தீப்பாறைகளைப் பற்றித்தான் பேச்சு. உதாரணங்கள் பெரும்பாலும் நீலகிரியிலிருந்து வரும். பழனி மலையும் அங்கங்கே தலைகாட்டும்.

நீலகிரி ஒரு பழைய எரிமலையா?

இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் மட்டுமல்ல, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். எரிமலைக் குழம்பு வெளியே கொட்டி உறைந்த பாறையைப் பார்க்க வேண்டுமானால் மகாபலேஷ்வர் பக்கம் போக வேண்டும். தக்காணத்தின் அந்தக் கறுப்பு பசால்ட் அடுக்குகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டியவை. நீலகிரியின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை. இவை வெளிக்காற்றையே காணாமல், 25 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்து இறுகியவை. தொட்டபெட்டாவின் உச்சியில், 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கும்போது, ஒரு காலத்தில் பூமியின் அடித்தளமாக இருந்த பாறையின் மேல்தான் நிற்கிறோம்.

ஊடுருவிய தீப்பாறை என்று எதைச் சொல்கிறார்கள்?

பாறை உருகிக் குழம்பாகி, மேலே இருக்கும் பாறைகளுக்குள் புகுந்து, தரைக்கு வராமல் உள்ளேயே உறைந்தால் அது ஊடுருவிய தீப்பாறை. மிக ஆழத்தில் பெருந்திரளாக உறைந்ததைப் பாதாளப் பாறை என்கிறோம். அதற்கும் மேலே, வெடிப்புகளுக்குள் புகுந்து உறைந்ததை இடையாழப் பாறை என்கிறோம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர்கள் எல்லாருக்கும் கடந்துபோனவைதான்.

வித்தியாசம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு நெய்யைச் சொல்வேன். வெண்ணெய் காய்ச்சி இறக்கி, அடுப்படிச் சூட்டிலேயே மெல்ல ஆறவிட்டால் நெய் மணல் மணலாக உறையும். அதே நெய்யை ஊட்டிக் குளிரில் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டால் சட்டென்று இறுகி, வழவழவென்று வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். மெல்ல ஆறும்போது மணிகளுக்கு வளர நேரம் கிடைக்கிறது. பாறையிலும் அப்படியேதான். ஆழத்தில் சுற்றிலும் சூடான பாறை போர்த்திக்கொண்டிருப்பதால் குழம்பு ஆற ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் ஆண்டுகள் ஆகும். அதனால் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. வெளியே கொட்டிய குழம்பு சில நாட்களிலோ வாரங்களிலோ இறுகிவிடும். அதன் மணிகளை லென்ஸ் வைத்தாலும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

பூமிக்குள்ளே எல்லாமே குழம்புதானே? அப்புறம் ஏன் தனியாக உருக வேண்டும்?

நம் காலுக்குக் கீழே ஒரு நெருப்புக் கடல் இருக்கிறது என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. நாம் நிற்கும் மேலோடும் அதற்குக் கீழே இருக்கும் கவசமும் கிட்டத்தட்ட முழுக்கத் திடமானவை. ஆழம் போகப் போகச் சூடு ஏறுகிறது, கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி கணக்கில். ஆனால் அழுத்தமும் கூடவே ஏறுவதால் பாறை உருகாமல் தாக்குப்பிடிக்கிறது. பாறை மேலெழும்பி அழுத்தம் குறைந்தாலோ, தண்ணீர் கலந்து உருகுநிலை இறங்கினாலோ, அடியிலிருந்து கூடுதல் சூடு வந்து தாக்கினாலோதான் ஒரு பகுதி உருகுகிறது. கிரானைட் குழம்புக்கு 700, 800 டிகிரி போதும். பசால்ட் குழம்பு 1,100 டிகிரிக்கு மேல். உருகியது சுற்றியுள்ள பாறையைவிட லேசாக இருப்பதால் வழி தேடி மேலே ஏறுகிறது.

உள்ளே உறைந்தது நம் தோட்டத்துக்கு எப்படி வந்தது?

நிலம் உயர்ந்தது, மேலே இருந்தது கரைந்தது. இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தே நடந்தன. நீலகிரியின் வடக்கே மாயாறு பள்ளத்தாக்கு, தெற்கே பவானி பள்ளத்தாக்கு. இரண்டுமே மேலோட்டில் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்த பழைய பட்டைகள். நடுவில் இந்த மலை ஒரு மேடை போல எழுந்து நிற்கிறது. பெய்த மழையும் ஓடிய ஆறுகளும் மேலே இருந்த கிலோமீட்டர் கணக்கான பாறையைச் சுரண்டி எடுத்துச் சென்றுவிட்டன.

கையில் ஒரு கல் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

உடைத்த முகத்திலிருந்து. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கல்லின் மேல்தோல் வெயிலும் மழையும் பாசியும் சேர்ந்து மாற்றியது. நீலகிரியில் இது இன்னும் முக்கியம். இங்கே வெளிப்பக்கம் வெளுத்துப் பழுப்பாக இருக்கும் கல்லை உடைத்தால், உள்ளே கரும்பச்சையாக வேறொரு கல் இருக்கும்.

போன மழைக்குப் பிறகு குன்னூருக்குக் கீழே சாலையோரம் தேங்காய் அளவில் ஒன்று உருண்டு கிடந்தது. வெளியே துருப்பிடித்த நிறம், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. சுத்தியால் ஓரத்தில் இரண்டு அடி. இரண்டாவது அடிக்குக் கணீரென்று சத்தம் வந்தது, துண்டு தெறித்தது. உள்ளே, விளக்கெண்ணெய் தடவித் துடைக்காமல் விட்ட மாதிரி ஒரு பசபசப்பு. அந்தப் பச்சைக்குள் நீலம் கலந்த சாம்பல் நிறக் கண்ணாடித் துளிகள், பழுப்பாக மின்னும் சின்னச் சின்ன மணிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுகு அளவில் சிவப்பு. இரண்டு விரல்கடை தள்ளியிருந்த வெளித்தோலில் இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

உடைத்ததும் முகத்தைத் தண்ணீரில் நனையுங்கள். தூசி போய் மணிகளின் எல்லை தெளிவாகத் தெரியும். பிறகு வெயிலில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். மணிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா? ஒன்றோடொன்று, சுவரில் கல் அடைத்த மாதிரி இடைவெளி இல்லாமல் கோத்திருக்கின்றனவா? தெரிந்தால், கோத்திருந்தால், நீங்கள் பார்ப்பது ஆழத்தில் உறைந்த பாறையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மணிகள் உருண்டையாக, நடுவில் ஒட்டுப்பொருள் வைத்து ஒட்டியது போல இருந்தால் அது மணற்கல் வகை. மணிகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்து, வரி வரியாக ஓடினால் அது அழுத்தத்தில் உருமாறிய நைஸ்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பேனாக்கத்தி, சின்ன காந்தம், தண்ணீர் பாட்டில். இவ்வளவு போதும். உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கல் சில்லு கண்ணில் பட்டால் விளையாட்டல்ல.

உள்ளே இருக்கும் மணிகளை எப்படிப் பிரித்து அறிவது?

முதலில் குவார்ட்ஸ், நம் ஊர் வழக்கில் வெங்கச்சாங்கல். உடைந்த பாட்டில் கண்ணாடி போலத் தோன்றும், தட்டையான முகம் இருக்காது, கத்தியால் கீறினால் கீறல் விழாது. அதுவே கண்ணாடியைக் கீறும். அடுத்தது ஃபெல்ட்ஸ்பார். பெரும்பாலான பாறைகளில் அதிகம் இருப்பது இதுதான். கல்லை வெயிலில் திருப்பும்போது ஒரு மணி முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சென்று சின்னக் கண்ணாடி போல மின்னி, இன்னும் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். அது ஃபெல்ட்ஸ்பாரின் தட்டையான பிளவு முகம். குவார்ட்ஸ் அப்படி மின்னாது. இந்த ஒரு சோதனையில் தேறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த மின்னும் முகத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது நோட்டுப் புத்தகக் கோடு மாதிரி மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் அது பிளேஜியோகிளேஸ் வகை ஃபெல்ட்ஸ்பார். இளஞ்சிவப்பாக இருந்து கோடுகள் இல்லையென்றால் பெரும்பாலும் பொட்டாசியம் உள்ள வகை.

மைக்கா எல்லாருக்கும் தெரியும். காக்காப்பொன் என்று சின்ன வயதில் பொறுக்கியிருப்போம். கத்தி முனையால் நெம்பினால் ஏடு ஏடாக உரிந்து வரும். கறுப்பு மணிகளில்தான் குழப்பம். ஹார்ன்பிளெண்டும் பைராக்சீனும் இரண்டும் கறுப்பு, இரண்டும் கடினம். உடைந்த முனையில் இரண்டு பிளவு முகங்கள் சந்திக்கும் கோணத்தைப் பாருங்கள். பெட்டியின் மூலை மாதிரி ஏறக்குறைய செங்கோணமாக இருந்தால் பைராக்சீன். ஒரு பக்கம் கூர்ந்து மறுபக்கம் விரிந்து, சாய்சதுரமாக இருந்தால் ஹார்ன்பிளெண்ட். லென்ஸ் இல்லாமல் இது தெரியாது, லென்ஸ் இருந்தாலும் முதல் இருபது கற்களில் தவறு வரத்தான் செய்யும். கல் காந்தத்தை இழுத்தால் உள்ளே மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் பொடி இருக்கிறது.

எந்தக் கல்லுக்கு எந்தப் பெயர்?

வெளிர் நிறம், குவார்ட்ஸ் தாராளம், பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் பிளேஜியோகிளேஸும் கலந்து, கொஞ்சம் மைக்கா அல்லது ஹார்ன்பிளெண்ட். அதுதான் கிரானைட். குவார்ட்ஸ் அநேகமாக இல்லாமல் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரே ஆட்சி செய்தால் சயனைட் (விஷமான சயனைடு அல்ல). உப்பும் மிளகும் கலந்தது போல வெள்ளை பிளேஜியோகிளேஸும் கறுப்பு ஹார்ன்பிளெண்டும் என்றால் டயோரைட். அதைவிடக் கறுத்து, பைராக்சீன் நிறைந்து, கையில் எடுத்தால் எடை தெரிந்தால் காப்ரோ. ஃபெல்ட்ஸ்பாரே இல்லாமல் ஆலிவின் என்ற பச்சைக் கனிமமும் பைராக்சீனும் மட்டும் என்றால் பெரிடோடைட். ஆலிவின் மட்டுமே என்றால் டியூனைட். சேலத்தில் மேக்னசைட் வெட்டி எடுக்கும் இடத்தின் மூலப்பாறை டியூனைட்தான்.

அனார்த்தோசைட் மட்டும் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டியது. கிட்டத்தட்ட முழுக்கப் பிளேஜியோகிளேஸால் ஆனது. நிலாவில் வெளுப்பாகத் தெரியும் பகுதிகள் இந்தப் பாறைதான். பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் இது இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இருக்கும் அனார்த்தோசைட்டை அரைத்துத்தான் சந்திரயான்-2 திட்டத்தின்போது இஸ்ரோ நிலா மண் மாதிரியைச் செய்து சோதித்தது. பேருந்தில் போய்ப் பார்க்கும் தூரத்தில் நிலாவின் பாறை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

நீலகிரியில் எங்கே பார்த்தாலும் கிரானைட் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. நீலகிரியின் பெரும்பகுதி சார்னக்கைட். கொடைக்கானல் மலைமேடையும் பெரும்பாலும் அதேதான். மேலே சொன்ன தேங்காய் அளவுக் கல் அதுதான்.

பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தா நகரத்தோடு பேர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னக் 1690களில் இறந்தார். அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து, அந்தக் கல்லறையின் கல்லும் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லும் ஒரே வகை என்று கண்டு, 1893இல் சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். 1900இல் இந்தப் பாறை வரிசையைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று உலகம் முழுவதும் அண்டார்டிகா வரை இந்தப் பாறையை இந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள். பரங்கிமலையில் அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவும் இருக்கிறது.

கிரானைட்டிலிருந்து இதைப் பிரிப்பது ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன். வெண்கலப் பழுப்பாக மின்னும் அந்தச் சின்ன மணி. ஃபெல்ட்ஸ்பார் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இல்லாமல் பச்சையோடிப் பசபசவென்று இருக்கும். குவார்ட்ஸில் நீலச் சாயல் தெரியும். நீலகிரியில் பல இடங்களில் சிவப்புக் கார்னெட்டும் கூடச் சேரும்.

சார்னக்கைட் தீப்பாறையா, உருமாறிய பாறையா?

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் வாதிடும் கேள்வி இது. தீப்பாறை என்றுதான் ஹாலந்து நினைத்தார். பிறகு வந்தவர்களில் பலர், இது ஏற்கனவே இருந்த பாறை ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறியது என்றார்கள். நீலகிரியைப் பொறுத்தவரை இரண்டு பேரும் ஒரே கல்லின் இரண்டு கட்டங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். வேதிக் கலவையைப் பார்த்தால் இந்தப் பாறையில் பெரும்பகுதி குழம்பாக ஊடுருவி உறைந்ததுதான். அதன்பின் அது 700 டிகிரிக்கு மேல் சூட்டில், 25 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் மறுபடி வெந்தது.

அந்தச் சூட்டில் நடந்ததுதான் அழகு. மைக்காவிலும் ஹார்ன்பிளெண்டிலும் தண்ணீர் கனிமத்தோடு பிணைந்து இருக்கிறது. சூடு எல்லை மீறும்போது அந்தக் கனிமங்கள் உடைந்து, தண்ணீரை விட்டுவிட்டு, தண்ணீரே இல்லாத ஹைப்பர்ஸ்தீனாக மாறுகின்றன. ஆகவே அந்த ஒரு பழுப்பு மணி, இந்தக் கல் மிக ஆழத்தில், மிகச் சூட்டில், வறண்டு கிடந்தது என்பதற்கான சாட்சி. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல் நிற நைஸுக்குள் பச்சைத் திட்டுத் திட்டாகச் சார்னக்கைட் படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே மாற்றம் பாதியிலேயே நின்றுவிட்டது.

250 கோடி ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள் என்றும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். பாறைக்குள் ஜிர்கான் என்ற நுண்ணிய மணிகள் இருக்கின்றன. அதற்குள் சிக்கிய யுரேனியம் ஒரு மாறாத வேகத்தில் ஈயமாக மாறுகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும். ஒரே ஜிர்கானின் நடுப்பகுதியில் முதலில் உறைந்த காலமும், ஓரத்து வளையத்தில் மறுபடி வெந்த காலமும் தனித்தனியாகப் பதிவாகியிருப்பதும் உண்டு. பழனி மலைப் பக்கப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடுமையாகச் சுடப்பட்டவை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வழியில் கெங்குவார்பட்டிப் பாறைகளில் 900 டிகிரியைத் தாண்டிய சூட்டின் அடையாளம் கிடைத்திருக்கிறது.

மலையை வெட்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை நிற்கிறதே, அது என்ன?

டைக் என்று சொல்வார்கள். பாறை விரிசல் விட்டபோது குழம்பு அதற்குள் புகுந்து சுவர் மாதிரி உறைந்தது. நம் பக்கம் பெரும்பாலும் டோலரைட். காப்ரோவின் கலவைதான், ஆனால் மணி சின்னது. நீலகிரியின் தெற்கே ஆனைகட்டி, அகளி பக்கம் இப்படிப்பட்ட டைக்குகள் உண்டு.

அடுத்த முறை ஒன்றைப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல நகர்ந்து பாருங்கள். ஓரத்தில், பழைய பாறையைத் தொடும் இடத்தில், மணியே தெரியாது. கறுப்பு மை மாதிரி இருக்கும். குளிர்ந்த சுவர் பட்டதும் குழம்பு சட்டென்று இறுகியிருக்கிறது. இரண்டு சாண் உள்ளே போனால் புள்ளி புள்ளியாக வெளிர் ஃபெல்ட்ஸ்பார் தெரியத் தொடங்கும். அகலமான டைக்கின் நடுவில் மணிகள் தெளிவாகவே தெரியும். ஆறும் வேகம்தான் மணியின் அளவை முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் வேறு எனக்குத் தெரியாது. சில சமயம் டைக்குக்குள் பக்கத்துப் பாறையின் துண்டு ஒன்று அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும். எது முதலில் இருந்தது, எது பிறகு வந்தது என்பதை அது சொல்லிவிடும்.

குழம்பு அடுக்குகளுக்கு இடையில் படுக்கையாகப் பரவி உறைந்தால் அது சில். நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள பெருந்திரள் என்றால் பாத்தோலித்.

கையளவு பெரிய மணிகள் உள்ள கல்லும் இருக்கிறதே?

பெக்மடைட். குழம்பின் கடைசி மிச்சத்தில் தண்ணீரும் அரிய தனிமங்களும் சேர்ந்துகொள்கின்றன. அந்த நீர்த்த குழம்பில் மணிகள் தடையில்லாமல் வளர்கின்றன. காங்கேயம் அருகே படியூரில் கடல்நீல அக்வாமரைன் கிடைத்தது பெக்மடைட்டிலிருந்துதான். அதே காங்கேயம் வட்டாரத்தில் சிவன்மலை, குவார்ட்ஸே இல்லாமல் நெஃபலின் என்ற கனிமம் கலந்த சயனைட்டுக்குப் பேர் போனது. அங்கே குருந்தக்கல்லும் உண்டு.

தேவாலா, பந்தலூர் தங்கமும் இப்படித்தான் வந்ததா?

அங்கே தங்கம் இருப்பது குவார்ட்ஸ் நரம்புகளில். அவை குழம்பு உறைந்தவை அல்ல; வெடிப்புகளில் ஓடிய சூடான நீர் விட்டுச்சென்ற படிவு. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை நம்பிக் கம்பெனிகள் குவிந்து, சில ஆண்டுகளிலேயே கலைந்தும் போயின. கூடலூர் பக்கம் வெள்ளைக் குவார்ட்ஸில் மஞ்சளாக மின்னுவது பெரும்பாலும் பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். கத்தி முனையால் அழுத்துங்கள்: தங்கம் நசுங்கும், பைரைட் பொடியாகும்.

தேயிலைத் தோட்டத்தில் கிடக்கும் உருண்டைப் பாறைகள் எங்கிருந்து வந்தன?

எங்கிருந்தும் வரவில்லை, பெரும்பாலானவை அங்கேயே இருந்தவை. மேலே இருந்த பாரம் போனதும் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விழுந்து, பெட்டி பெட்டியாகப் பிரிந்தது. மழைநீர் வெடிப்பு வழியே இறங்கியது. பெட்டியின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்தும், விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்தும், மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் அரித்தது. மூலைகள் முதலில் கரைந்தன, மிஞ்சியது உருண்டை. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணானது. பைராக்சீனிலும் கார்னெட்டிலும் இருந்த இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்கியது.

சாலைக்காக வெட்டிய சரிவில் இதை முழுசாகப் பார்க்கலாம். சிவப்பு மண்ணுக்குள் வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரியும் உருண்டைகள், நடுவில் மட்டும் புதுக் கல். கனமழையில் அந்த மண் தண்ணீர் குடித்து இளகும்போது உருண்டையும் சேர்ந்து இறங்குகிறது. 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க நடந்த மண்சரிவுகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை நாட்களில் இப்படிப்பட்ட சரிவுக்குக் கீழே கல் பார்க்க நிற்காதீர்கள், தயவுசெய்து.

கொடைக்கானல் தூண் பாறைகள் எரிமலைத் தூண்களா?

அல்ல. எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது அறுகோணத் தூண்கள் உண்டாவதுண்டு. உடுப்பிக்கு அருகே செயிண்ட் மேரி தீவில் அவற்றைப் பார்க்கலாம். சுமார் 120 மீட்டர் உயர்ந்து நிற்கும் நம் தூண் பாறைகள் சார்னக்கைட்டில் செங்குத்தாக விழுந்த வெடிப்புகளை மழையும் காற்றும் அகலப்படுத்தியதால் நிற்பவை. கோத்தகிரிப் பக்கத்து ரங்கசாமி தூணும் இந்த மாதிரி தனித்து நின்றதுதான்.

கடையில் கிரானைட் என்று விற்பது எல்லாம் கிரானைட்டா?

கல் வியாபாரத்தில் கிரானைட் என்றால் பளபளப்பு ஏறும் கடினமான கல், அவ்வளவுதான். புவியியலில் அதற்குப் பொருள் வேறு. சமையல் மேடைக்குப் போடும் கறுப்பு கிரானைட் பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்புக் கல் ஒரு டோலரைட் டைக்கிலிருந்து வருவது. வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்ட காஷ்மீர் ஒயிட் தமிழ்நாட்டுக் கல்தான்; அந்தப் புள்ளிகள் கார்னெட், கல் உருமாறிய பாறை. வாங்குகிறவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் மாணவர்கள் கடைப் பெயரை நம்பி விடைத்தாளில் எழுதிவிடக் கூடாது. நிஜமான கிரானைட்டைப் பார்க்க ஆசையிருந்தால் சமவெளிக்கு இறங்கிச் சங்ககிரி, திருச்செங்கோடு போய் வாருங்கள்.

கல்லின் அடர்த்தியை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். கொக்கித் தராசில் கல்லைக் கயிற்றில் கட்டி எடை போடுங்கள். பிறகு பக்கெட் தண்ணீரில் அடி தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட்டு மறுபடி பாருங்கள். வெளியே 540 கிராம், தண்ணீரில் 340 என்றால் குறைந்த எடை 200. 540ஐ 200ஆல் வகுத்தால் 2.7. கிரானைட் 2.65 பக்கம் வரும், வெளிர் சார்னக்கைட் 2.7 பக்கம், காப்ரோவும் டோலரைட்டும் 3.0ஐ ஒட்டி. மேட்டுப்பாளையம் பக்கம் பவானி ஆற்றை ஒட்டிய காப்ரோ வகைக் கற்களைப் பக்கத்தில் வைத்துச் செய்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மட்கிய கல்லில் இந்தக் கணக்கு வராது.

எங்கே வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாமா?

கூடாது. காப்புக்காட்டில் கல்லையும் சேர்த்து எதையும் எடுக்க அனுமதி இல்லை. மலை ரயில் பாதையில் வெட்டிய பாறை முகங்கள் அருமையானவை, ஆனால் தண்டவாளத்தில் நடக்காமல் கல்லாறு தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். தாண்டிக்குடி பக்கத்துக் கற்திட்டைகள் பலகை பலகையாகப் பிளந்த இதே மலைக் கற்கள்தான். அவற்றின் மேல் சுத்தி படவே கூடாது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிய இடம், கிணறு வெட்டிக் குவித்த கல், உரிமையாளர் சம்மதித்தால் தேயிலைத் தோட்டத்து ஓரம். புது முகம் உள்ள கல் இங்கெல்லாம் தாராளமாகக் கிடைக்கும். எடுத்த துண்டில் பெயிண்ட்டால் ஒரு எண் போட்டு, இடத்தையும் தேதியையும் நோட்டில் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

எங்கள் வீட்டு அம்மி என்ன கல்?

அம்மியை உடைக்க முடியாது, ஆனால் பழைய அம்மிகளில் எங்காவது ஒரு மூலை சில்லு போயிருக்கும். அங்கே பாருங்கள். எங்கள் வீட்டில் இருப்பது பாட்டி காலத்தது. சமவெளியிலிருந்து மாட்டு வண்டியில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து மேலே ஏறியது என்று அம்மா சொல்வார். அடிப்பக்கம் ஒரு மூலை உடைந்திருக்கிறது. நனைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறுப்புக்குள் குச்சி குச்சியாக, அரிசி நொய்யைவிடச் சின்னதாக வெளிர் ஃபெல்ட்ஸ்பார், ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தது. காந்தம் லேசாக ஒட்டியது. டோலரைட். மணிகள் அப்படிப் பின்னியிருப்பதால்தான் மிளகாய் அரைத்தாலும் மணல் உதிர்வதில்லை. அதே காரணத்தால் சில வருடத்தில் முகம் வழவழத்துப் போய், அம்மி கொத்துகிறவர் வர வேண்டியிருக்கிறது. அவர் உளியை வைத்துத் தட்டியதும் வரும் சத்தம் கணீரென்று இருக்கும். உள்ளே விரிசல் விட்ட கல் என்றால் மொத்தென்று கேட்கும்.